இரண்டடி மேடையும் இருபத்துநான்கடிச் சரிவும்

ஆசாரி அண்ணாச்சி செய்து கொண்டுவந்த சரிவுப் பலகை ஆறடி நீளம். எங்கள் அரங்கின் மேடை இரண்டடி உயரம். "இரண்டு பையன்கள் பின்னால் நின்று தள்ளினால் ஏறிவிடும், டீச்சர்" என்றார். நானும் நம்பினேன். முதுகலை மாணவன் ஒருவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். பாதி ஏறியதும் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. நாற்காலி மல்லாந்து, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை; பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேடையில் எங்கள் புவியியல் மாநாட்டின் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்க யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த ஆய்வாளர் சக்கர நாற்காலியில் வருபவர். மாநாட்டுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சரிவுக்கான பொதுவிதி. இரண்டடிக்கு 24 அடி. அவ்வளவு நீளத்துக்குப் போட்டால் முன்வரிசை நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் போடத் தூண் இடித்தது. ஒரு மாலை முழுக்க அளந்துகொண்டிருந்தோம். மைக்செட்காரர்தான் வழி சொன்னார், அதுவும் தன்னுடைய காரணத்துக்காக: மேடையில் நின்று பேசினால் தகரக் கூரையில் எதிரொலிக்கிறது, மைக்கைக் கீழே வையுங்கள் என்றார். வைத்தோம். மூன்று நாளும் மேடை காலியாகவே கிடந்தது. தலைமை தாங்கியவர், பேசியவர், கேள்வி கேட்டவர் எல்லோரும் ஒரே தரையில் இருந்தார்கள். முக்கியப் பிரமுகர்கள் சிலருக்கு முகம் சற்றுச் சுருங்கியது உண்மைதான்.

பாளையங்கோட்டையில் நடந்த அது ஒரு சர்வதேசப் புவியியல் மாநாடு. நதி, குளம், கடற்கரை என்பது பொருள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது, குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அதற்குப் பிறகு எங்கள் துறையில் வேறு எதைப் பற்றியும் மாநாடு நடத்த மனம் வரவில்லை. அழைப்பிதழில் 'அனைவருக்குமான மாநாடு' என்று போட்டோம். அப்படிப் போட்டுவிட்டு நாங்கள் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து நடத்துகிறவர்களுக்கு உதவும்.

முதல் தவறு தேதி. வெளிநாட்டுக் கல்லூரிகளின் கோடை விடுமுறை என்று ஜூன் கடைசியைக் குறித்திருந்தோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் அந்தச் சமயத்தில்தான் வரும் என்பது திருநெல்வேலியில் பிறந்த எனக்கே நினைவில்லை. ரத வீதிகளில் வண்டி போகாது, விடுதிகளில் அறை இருக்காது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வாடகைக் கார்களும் அந்தப் பக்கம் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடைசியில் பொங்கல் முடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் வைத்தோம். அப்போதும் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடைபயணம் போகிறவர்கள் சாலையில் இருப்பார்கள். களப்பயணத்துக்கு வழக்கமான நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொண்டோம். உள்ளூர்த் திருவிழாக்கள், தேர்வுகள், ரம்ஜான் நோன்பு, முகூர்த்த நாள்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேதி பார்ப்பது நல்லது.

அடுத்தது பெயர். பதிவுப் படிவத்தை ஏதோ ஓர் ஆயத்த மென்பொருளில் செய்தோம். அதில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு, தலைமுறைக் கணக்கில் அதைப் பழக்கமாக்கிய மாநிலம் இது. இன்று நாங்களே ஒரு கட்டம் போட்டு 'சொல், சொல்' என்று நிற்கிறோம். பிள்ளைகள் அப்பா பெயரை எழுதினார்கள். கழுத்தட்டை அச்சிட்டவர் அந்தக் கட்டத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். ஓர் ஆய்வு மாணவி முதல் நாள் முழுக்கத் தன் அப்பாவின் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள இந்தோனேசியர் அதையே இரண்டு முறை எழுதியிருந்தார். இப்போது எங்கள் படிவத்தில் இரண்டே கேள்விகள்: பாஸ்போர்ட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி முழுப்பெயர் என்ன, கழுத்தட்டையில் எப்படி இருக்க வேண்டும்?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதை நைஜீரியாவிலிருந்து வரவேண்டிய ஆய்வாளரிடம் நாங்கள் கற்றோம். சுற்றுலா விசாவில் வந்து மாநாட்டில் பேசக் கூடாது. மாநாட்டு விசா வேண்டும். அதற்கு அழைப்புக் கடிதமும், நடத்துகிறவர்கள் முன்கூட்டியே வாங்கிய அரசு அனுமதிகளும் வேண்டும். அனுமதிகளை வாங்கிவிட்டோம். அழைப்புக் கடிதத்தில் மட்டும் அவர் மின்னஞ்சலில் கையெழுத்திடும் சுருக்கப் பெயரைப் போட்டுவிட்டோம். பாஸ்போர்ட்டில் வேறு வரிசையில் நான்கு பெயர்கள். விண்ணப்பம் திரும்பியது. திருத்திய கடிதம் போய்ச் சேர்ந்தபோது நாள் கடந்துவிட்டது. ஆறு மாதம் முன்பே, பாஸ்போர்ட் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுங்கள்.

அவர் இணையவழியில் பேசினார். அவருக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். பிரேசில்காரருக்குக் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஐந்தரை. முதலில் அதை ஆர்வமாக ஏற்றுக்கொண்டு மாலை அமர்வுகளை ஏழு மணி வரை நீட்டியிருந்தோம். மாணவிகளின் பதிவு ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தபோதுதான் விடை கிடைத்தது. ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "ஏழு மணிக்கு முடிந்தால் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், இரண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேர ஒன்பதரை ஆகும், மேடம். அப்பா ஒரு நாள் விடுவார், மூன்று நாள் விடமாட்டார்" என்றாள். எல்லாவற்றையும் மாலை நாலரைக்கு முடித்தோம். பிரேசில் உரையைப் பதிவுசெய்து வாங்கி காலையில் ஒளிபரப்பினோம். கேள்விகளை எழுதி அனுப்பினோம். பதில்கள் மறுநாள் வந்தன. நேரில் பேசுவதன் சூடு அதில் இல்லைதான். ஆனால் அறையில் நாற்பது மாணவிகள் இருந்தார்கள். இன்னொரு முறை கேட்டாலும் இதையே செய்வேன்.

குழந்தையோடு வருகிறவர்களுக்கு அரங்கை ஒட்டிய அறையில் இரண்டு ஆயாம்மாக்களை அமர்த்தினோம். பிளாஸ்டிக் தொட்டில் வாங்கியது வீண். எந்தக் குழந்தையும் அதில் தூங்கவில்லை. உத்தரத்துக் கொக்கியில் பழைய சேலையால் தூளி கட்டியபிறகுதான் அறை அமைதியானது. வந்த குழந்தைகள் மூன்று பேர்தான். மூன்று தாய்மார்களும் மூன்று நாளும் உட்கார்ந்து கேட்டார்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலக வங்கி நாடுகளை வருமானப்படி நான்கு படிகளாகப் பிரிக்கிறது. பல சர்வதேச மாநாடுகள் அதையே பார்த்துக் கட்டணம் வைக்கின்றன. நாங்களும் வைத்தோம். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. நிரந்தரச் சம்பளம் வாங்கும் பேராசிரியரும், மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரும் ஒரே நாட்டுக்காரர்கள்தானே! 'உங்கள் கட்டணத்தை நிறுவனம் தருகிறதா, நீங்களே கட்டுகிறீர்களா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தபிறகு கணக்கு நியாயமானது. சான்று எதுவும் கேட்கவில்லை. ஏமாற்றியவர்கள் இருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவு, ஏமாந்த தொகையைவிட அதிகம்.

பணம் பற்றிப் பேசும்போது பொன்னாடையையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் விழா என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, அதை வாங்கும்போது ஒரு புகைப்படம். தொடக்க விழாவே ஒன்றரை மணி நேரம் ஓடும். நாங்கள் பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் நிறுத்தி, அந்தத் தொகையில் சைகைமொழி பெயர்ப்பாளர்களை அமர்த்தினோம். பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஆகவே ஆள் கிடைப்பது சென்னையைவிட எளிது. ஒருவரை மட்டும் அமர்த்தாதீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே கையசைத்துக்கொண்டிருந்தால் பிழை வரத் தொடங்கும். இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும். உரைகளை இரண்டு நாள் முன்பே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பேராசிரியர்களிடமிருந்து உரையை இரண்டு நாள் முன்பு வாங்குவது, தாமிரபரணியை மேற்கே திருப்புவதைவிடக் கடினம்.

இனி, நான் அதிகம் கற்ற இடத்துக்கு வருகிறேன்.

நதியையும் குளத்தையும் பற்றி மாநாடு நடத்துகிறோம். மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவர் பேசாமல் எப்படி? கோடகன் கால், கன்னடியன் கால் என்று வாய்க்கால்களைப் படத்தில் காட்டத் தெரிந்த எங்களுக்கு, எந்த வாரம் எந்த மடை திறக்கும் என்று தெரியாது. ஆற்றுப் பாசன விவசாயிகள் நான்கு பேரையும், கடற்கரையிலிருந்து மீனவர்கள் மூவரையும் பேச அழைத்தோம். மீனவர் அமர்வை வெள்ளிக்கிழமை வைத்திருந்தோம். "வேலை நாளில் கடலை விட்டுவிட்டு எப்படி வருவது? ஞாயிறு வையுங்கள், பூசை முடிந்து வருகிறோம்" என்றார்கள். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு மாற்றினோம். விவசாயிகளுக்கு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் பேச வந்த அன்றே உறையில் போட்டுக் கொடுத்தோம். விருந்தினர் பேராசிரியருக்கு மதிப்பூதியம் என்றும் விவசாயிக்கு 'ஏதோ பார்த்துச் செய்வோம்' என்றும் இருக்கக் கூடாது.

மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல தமிழ், அதைவிட நல்ல ஆங்கிலம். எழுபது வயதைக் கடந்த ஓர் அண்ணாச்சி வெள்ளத்தைப் பற்றிப் பேச எழுந்தார். "குளம் மறுகால் பாய்ந்து நாங்கள் பார்த்திருக்கிறோம், அன்றைக்குக் குளமே உடைந்துவிட்டது" என்றார். மொழிபெயர்ப்பாளர், வீட்டுத் தோட்டத்தில் தாமரை வளர்க்கும் சிறு குட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அந்தச் சொல்லைக் குளத்துக்குப் போட்டார். மறுகால் பாய்ந்ததை, மற்றொரு கால் தாவியதாகச் சொல்லிவிட்டார். உபரி நீர் வெளியேறும் வழிக்கு மறுகால் என்று பெயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நீரியல் அறிஞர் குழம்பிப்போய், ஒரு குட்டை உடைந்து எப்படி ஓர் ஊர் மூழ்கும் என்று கேட்டார். கேள்வி தமிழில் வந்ததும் அண்ணாச்சிக்குக் கோபம். "குட்டையா? நானூறு ஏக்கர் பாயும் குளத்தையா குட்டை என்கிறார்?"

யாழ்ப்பாணத்து ஆய்வாளர்தான் அன்று எங்களைக் காப்பாற்றினார். "எங்கட வன்னியிலும் குளம் எண்டால் இதுதான்" என்று தன் தமிழில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அந்த அறிஞரிடம் திரும்பி, கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைச் சொல்லி விளக்கினார். மறுகாலுக்கு அவர்கள் ஊரில் வான் என்று பெயராம்; குளம் வான் பாய்கிறது என்பார்களாம். அண்ணாச்சிக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. தேநீர் இடைவேளையில் இருவரும் மடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததில் அடுத்த அமர்வு கால்மணி நேரம் தாமதமாயிற்று.

அன்றிரவு நான்கு மாணவர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கச் சொற்பட்டியல் தயாரித்தார்கள்: குளம், கால், மடை, மறுகால், கார், பிசானம், தேரி என்னும் செம்மணல் மேடு. ஜூனில் தொடங்கும் கார் சாகுபடியும் அக்டோபரில் தொடங்கும் பிசானமும் வேறு என்று தெரியாமல் இந்த ஆற்றைப் பற்றி ஒரு வாக்கியம்கூட மொழிபெயர்க்க முடியாது. முதல் நாளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. அதே பட்டியலைத் திரையில் தானாக எழுத்து ஓட்டும் மென்பொருளுக்கும் கொடுத்தோம். அதுவரை அது தாமிரபரணியை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வெள்ளைக்காரர் பெயராக எழுதிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி நிரலை எங்கள் வழக்கமான அச்சகத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் அடித்து, அதே கோப்பை எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். பார்வையற்ற நண்பர் ஒருவர், அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், தொலைபேசியில் அழைத்தார். அவருடைய திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தமிழாகவே பார்க்கவில்லை. 'அம்மா' என்ற சொல் அதற்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்'. எட்டுப் பக்கமும் இப்படி. யுனிகோடில் மறுபடி அடித்து அனுப்பினோம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கோப்பையும் அனுப்பும் முன் ஐந்து நிமிடம் அதை வாசிக்கவிட்டுக் கேளுங்கள்.

அவருக்காகத் தொட்டு உணரும் வரைபடம் ஒன்றைச் செய்தோம். மாணவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொதிகை மலைக்கு அட்டை அடுக்கு, தாமிரபரணிக்குக் கயிறு, மணிமுத்தாறு, சிற்றாறு, பச்சையாறு, கடனாநதிக்கு மெல்லிய நூல், வயலுக்குப் பத்தமடைக் கோரை, தேரிக்குச் சிவப்பு மணல், குளங்களுக்குச் சட்டைப் பொத்தான்கள். பார்க்க அவ்வளவு அழகு. நண்பர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் கண்ணுக்காகச் செய்திருக்கிறீர்கள். என் விரலுக்கு இது சந்தைக்கடை" என்றார். மூன்றாகப் பிரித்தோம். ஒன்றில் ஆறுகள் மட்டும், ஒன்றில் மலை, சமவெளி, தேரி, கடல் மட்டும், ஒன்றில் குளங்கள் மட்டும். மூன்றிலும் வடக்கு மூலையை வெட்டிவிட்டோம், பிடித்த உடனே திசை தெரிய. இரண்டாவது வரைபடத்தை முடித்ததும் அவர், "மலையிலிருந்து கடலுக்கு ஒரு முழம்கூட இல்லையே" என்றார். சுமார் 128 கிலோமீட்டருக்குள் குறிஞ்சியில் பிறந்து நெய்தலில் முடியும் ஆறு என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன். அவர் கையை வைத்துச் சொன்னபோதுதான் அந்தக் குறுக்கம் எனக்கு உறைத்தது.

வரைபடம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளப் பகுதியைச் சிவப்பிலும் பாதுகாப்பான பகுதியைப் பச்சையிலும் காட்டாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் சிலராவது இருப்பார்கள். கோடு, புள்ளி என்று வடிவத்தில் வேறுபடுத்துங்கள். இன்னொன்று, இந்தியாவின் எல்லையை அதிகாரபூர்வ வரைபடத்துக்கு மாறாக வெளியிடுவது இங்கே குற்றம். வெளிநாட்டவர் கொண்டுவரும் படங்களில் எல்லை வேறாக இருக்கும். அரங்கில் வைத்து ஒருவரை நிறுத்திச் சங்கடப்படுத்தாமல், உரையை ஏற்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி பால்பொருள் சாப்பிடாதவர்களுக்கும் ஏற்றது. அல்வாவில் கோதுமையும் நெய்யும் இருப்பதை எழுதி வைத்தோம். பிரமுகர்களுக்குத் தனி அறை என்பதை மட்டும் பிடிவாதமாக மறுத்தேன். எங்கள் சீமையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

கடைசி நாள் களப்பயணம். கொற்கையும் குதிரைமொழித் தேரியும் 1986-இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், எங்களுக்கு அது இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். யாழ்ப்பாணத்து ஆய்வாளரை பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்று நான்கு பேர் அவர் எதிரிலேயே விவாதித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "என்னைத் தூக்குறதைப் பற்றி இவ்வளவு கதைக்கிறியள், என்னட்ட ஒருதரும் கேக்கேல்லையே" என்றார். சாதாரணக் காரின் முன் இருக்கைக்கு அவரே மாறிக்கொள்வாராம். நாற்காலி மடங்கி டிக்கியில் போகுமாம். ஊரில் அப்படித்தான் பயணம் செய்கிறாராம். பதிவுப் படிவத்தில் 'உங்களுக்கு என்ன வசதி வேண்டும்' என்று ஒரு வரி இருந்திருந்தால் எட்டு நாள் பதற்றத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கொற்கையில் கடல் இல்லை. கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதிய பாண்டியர் முத்துத் துறைமுகம், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. வயலுக்கு நடுவே நின்று துறைமுகத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய சிவப்பு மணல் மேடு. அதில் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. நான்கு ப்ளைவுட் பலகைகளைக் கொண்டுபோயிருந்தோம். முன்னால் இரண்டைப் போட்டு நாற்காலி அதில் ஏறியதும், பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போடுவது. நூறு அடி போக இருபத்தைந்து நிமிடம் ஆனது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் வரலாற்று ஆசிரியர் மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, மேலே சுடுகிறது, உள்ளே ஈரமாக இருக்கிறது என்று எல்லோரையும் தொட்டுப் பார்க்கவைத்தார். நீரியல் அறிஞர் மணலில் உட்கார்ந்தே விட்டார். அன்றைக்கு நடந்த சிறந்த விவாதம் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நடந்ததுதான்.

மாநாடு முடிந்த அடுத்த மாதம் கல்லூரியில் ஆண்டு விழா. மேடை மறுபடியும் நிரம்பியது. பொன்னாடைகளும் திரும்பி வந்தன. ஆறடிப் பலகையை விடுதிக் காப்பாளர் தன் ஸ்கூட்டரை வாசற்படியில் ஏற்ற எடுத்துக்கொண்டார். பக்கவாட்டுத் தூணைச் சுற்றி நிரந்தரச் சரிவு கட்டக் கேட்டு நான் எழுதிய கடிதம் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அளவெடுக்க ஆசாரி அண்ணாச்சி வந்திருந்தார். டேப்பைப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, "ஓரடிக்குப் பன்னிரண்டு, டீச்சர். குறைத்துக் கேட்டால் நான் செய்யமாட்டேன்" என்றார்.